ரேடியோ அக்காவின் கைகள்

அந்தச் சபையில் அவளுடைய ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. ரேடியோ அக்கா என்றால் போதும், தொட்டில் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். ரொட்டிக் கடையில் மாவை வெட்டி, உருட்டி, தட்டில் அடுக்கி அடுப்புக்குக் கொடுப்பது அவள் வேலை. மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை. ஆலயத்தில் அவள் பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொன்னால் பாடகர் குழு திரும்பிப் பார்க்கும்.

பிள்ளைகள் நிறைந்த வீட்டில் நடுவில் பிறந்தவள். குரல் கொடுக்காத பிள்ளையின் தட்டை யாரும் கவனிக்காத வீடு அது. அதனால் பேச்சு அவளுக்குச் சாப்பாட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது. கல்யாணம் ஆனது பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த ஒருவரோடு. ஒரே மகள், அவளும் கட்டிக்கொடுத்து வேறு ஊர் போய்விட்டாள். மகள் போன பிறகு அவளுக்கு இருந்த பிடிப்பு சபைதான்.

ஆனால் சபையில் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அதை அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவள் என்பது அந்தப் பெயர். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறேன் என்று முதல் ஆளாகக் கை தூக்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் நின்றுவிட்டாள். பீடத்துக்குப் பூ அலங்காரம் என்றாள். பூ வாடுவதற்குள் ஆசை வாடிவிட்டது. நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் சேர்ந்தாள். அங்கே நோயாளிகளே "அக்காவ அடுத்த வாட்டி கூட்டிட்டு வராதீங்க, தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. கடைசியில் ஆராதனை முடிந்தபின் சபை மண்டபத்தில் தேநீர் ஊற்றும் வேலை மட்டும் அவளிடம் தங்கியது. பேசிக்கொண்டே செய்யலாம் என்பதால் தங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக் கடை அடுப்பு மக்கர் செய்ததால் அவள் தாமதமாக வந்தாள். வழக்கமான இடம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில், ஒல்லியான ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். அடுப்பு எப்படி அணைந்தது, முதலாளி எப்படிக் குதித்தார், தட்டு தட்டாகப் பொங்கி நின்ற மாவு எப்படிச் சரிந்து விழுந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சரியான இடங்களில் தலையாட்டி, சரியான இடங்களில் சிரித்தாள். முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோதுதான் ரேடியோ அக்கா நிறுத்தினாள்.

ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றும்போது, மூப்பரின் மனைவியிடம் மனம் நிறைந்து சொன்னாள்: "அக்கா, கடைசி வரிசைல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கே, எவ்வளவு தங்கமான பொண்ணு! நான் சொன்னது மொத்தத்தையும் காது குடுத்துக் கேட்டுச்சு. நம்ம சபைல இப்படி ஒரு ஆளா?"

மூப்பரின் மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடியே, அதுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது. பெயிண்ட் கடை மாடில ஜன்னல் திரை தைக்குதே, அந்தப் பொண்ணு. புதுசும் கிடையாது. ரெண்டு வருஷமா வந்துட்டுதான் இருக்கு."

ரேடியோ அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. செவிடி காதில் கதை சொன்ன வெட்கம் ஒரு பக்கம். அது வீட்டுக்குப் போவதற்குள் சிரிப்பாக மாறிவிட்டது. மாறாமல் நின்றது மற்றது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்து வைத்திருக்கும் அவளுக்கு, ரெண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழே ஜெபித்த ஒருத்தியைத் தெரியவில்லை. ஒருவரும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வழியில்லை என்று எல்லாரும் அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

"நான் அந்தப் பாஷையக் கத்துக்கப் போறேங்க" என்றாள் கணவரிடம்.

அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரி."

"சரின்னா? நம்பலையா?"

"பூ அலங்காரத்துக்கு வாங்கின கத்திரிக்கோல் இன்னும் புதுசா இருக்கு. அத நான் பணிமனைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

மறுநாள் வேலை முடிந்ததும், மாவு படிந்த உடையோடு பெயிண்ட் கடை மாடிப்படி ஏறினாள். கதவைத் தட்டினால் பயனில்லை என்று படியேறி முடித்த பிறகுதான் உறைத்தது. கதவுக்கு வெளியே ஒரு கயிறு தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். உள்ளே தையல் இயந்திரத்துக்கு எதிரே கட்டியிருந்த சிவப்புத் துணி துள்ளி ஆடியது. தையல்காரி வந்து கதவைத் திறந்தாள். வாசலில் நின்றவளை அடையாளம் கண்டு, முதலாளி குதிப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, மாவு சரிவதுபோல் வழித்துக் காட்டினாள். ரேடியோ அக்கா வாயைப் பிளந்தாள். ஞாயிற்றுக்கிழமை சொன்ன கதையில் முக்கால்வாசியை அவள் முகத்திலிருந்தே படித்துவிட்டிருந்தாள் அந்தப் பெண்.

அப்படித்தான் பாடம் தொடங்கியது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவள் தையல்காரி. சைகை மொழி அவளுக்குத் தாய்மொழி மாதிரி. அவள் முகத்தில் ஒரு கூர்மையான குறும்பு உண்டு. தப்பாகச் செய்தால் விட்டுக் கொடுக்க மாட்டாள். ஒருநாள் ரேடியோ அக்கா, "நான் உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்வதாக நினைத்து, மிகுந்த பக்தியோடு கைகளை அசைத்தாள். தையல்காரி உதட்டில் கவ்வியிருந்த ஊசியைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் தலையில் தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போடுவதுபோல் நடித்துக் காட்டினாள். "நான் உன்னைக் குளிப்பாட்டுகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள் அக்கா.

பேச்சில் புலியாக இருந்தவள் இங்கே மழலை. எழுத்துக் கூட்டுவதற்குள் விரல்கள் பின்னிக்கொள்ளும். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும், ரொட்டிக் கடையில் தட்டு காலியாகும் இடைவெளியிலும் கைகளை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொசு கடிக்கிறதா என்று முதலாளி கேட்டார். இந்த மழைக்காலத்தையும் இது தாண்டாது என்று சபையில் சிலர் பேசிக்கொண்டார்கள். மழைக்காலம் வந்தது, போனது. அவள் மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருந்தாள். இந்த ஒன்றை மட்டும் ஏன் விடவில்லை என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அந்த அறையில் கிடைத்த சிரிப்பு ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல்முறை ஆலயத்தின் முன்பகுதியில் நின்று பிரசங்கத்தைக் கைகளால் சொன்ன நாளில், சபை முழுக்கப் போதகரை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தது. அவளுக்குப் பாதிகூட வரவில்லை. போதகர் வேகமாகப் பேசுகிறவர்; அவர் மலையேறி இறங்கிய பிறகும் இவள் அடிவாரத்தில் நின்றாள். கிருபை என்ற சொல் வந்ததும் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அதற்கு என்ன செய்வது? மறுநாள் இருவரும் மாடியறையில் உட்கார்ந்து யோசித்தார்கள். தையல்காரி ஒரு கையைக் கிண்ணமாகக் குவித்தாள். மற்றக் கையால் அதில் ஊற்றினாள். நிறைந்த பிறகும் நிறுத்தாமல் ஊற்றி, விரலிடுக்கில் வழிய விட்டாள். "இதுதான்" என்றாள் ரேடியோ அக்கா வாய்விட்டு. அந்தச் சொல் அப்படியே நின்றது.

தொடக்கத்தில் எல்லாரும் மெச்சினார்கள். வாசலில் கை குலுக்கினார்கள். "கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு அக்கா" என்று கண் கலங்கியவர்களும் உண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காததுபோல் தலையைக் குனிந்துகொள்வாள், அவ்வளவுதான். கொஞ்ச காலத்தில் பார்த்துப் பார்த்துச் சபைக்குப் பழகிவிட்டது. தூண் நிற்பதுபோல் அவளும் நின்றாள். யாரும் கை குலுக்கவில்லை. கஷ்டம் உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் போதகர் நற்கிரியைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நாம் செய்கிற எந்த நல்ல காரியமும் நமக்குப் பரலோகத்தில் இடம் பிடித்துத் தராது என்றார். இரட்சிப்பு கூலி அல்ல, கடவுள் சும்மா தரும் ஈவு என்றார். அவள் தோள் இற்று விழும் நிலையில் அதைச் சொல்லி முடித்தாள். தையல்காரி புருவத்தை உயர்த்தி, மடி மேலேயே சின்னச் சைகையில் கேட்டாள்:

"அப்புறம் நீ எதுக்கு இங்க நின்னு கை வலிக்க வலிக்க ஆட்டிட்டு இருக்க?"

ஆராதனை முடிந்ததும் ரேடியோ அக்கா நேரே போதகரிடம் போய் அதே கேள்வியைப் போட்டாள். அவர் இளைஞர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வாரம் சொல்றேம்மா" என்றார்.

சொன்னபடியே அடுத்த வாரம் தேநீர் மேசைக்கு வந்தார். "யோசிச்சேம்மா. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டக் கூட்டுவாங்கல்ல?"

"எங்க கூட்டினா? சொல்லிச் சொல்லித்தான் கூட்டுவா."

"சரி, சொல்லித்தான் கூட்டினாங்க. கூட்டினதாலயா அவங்க உங்க மக ஆனாங்க?"

"இல்லையே."

"மகளா இருக்கறதால கூட்டினாங்க. கூட்டாத நாள்லயும் மகதான். அந்த மாதிரிதாம்மா இதுவும். கூலி வேலை இல்ல, வீட்டு வேலை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுசரிங்கையா. ஆனா கூலி வேலைக்காவது வாரத்துல ஒருநாள் லீவு உண்டு. வீட்டு வேலைக்கு அதுவும் கிடையாதே."

போதகர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடுத்த அடி மூப்பரிடமிருந்து வந்தது. இரும்புக்கடை வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. எத்தனையோ வருஷமாக ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து ஆலயக் கதவைத் திறப்பவரும், பலகையில் பாட்டு எண்களை மாட்டுபவரும் அவர்தான். ஒழுங்கு அவருக்கு உயிர். ஒருநாள் அவளைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. முன்னாடி நின்னு கைய ஆட்டுறது எல்லார் கவனத்தையும் சிதறடிக்குது. நீங்க ரெண்டு பேரும் அந்த ஓரத்து ஜன்னல் பக்கம் போயிடுங்க."

"யாருங்கையா சொன்னது, கவனம் சிதறுதுன்னு?"

"சத்தமாப் பேசும்மா."

"யாரு சொன்னாங்க?"

"நான் சொல்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜன்னலோரத்தில் காலை வெயில் நேரே அடிக்கும். வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் கைகள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். தையல்காரி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். ரேடியோ அக்கா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் சுவரோடு ஒட்டி, அரை முதுகைச் சபைக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போய் அழுதாள். "மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு மணிக்கட்டு. முதலில் விரல் நுனி மரத்துப்போனது. மாவு உருட்டும்போது உருண்டை எந்தக் கையில் இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குப் போனது. வருஷக்கணக்காக மாவை அழுத்திய கை. அதன் மேல் இந்தப் புது வேலை. டாக்டர் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை போட்டுவிட்டு, "கைக்கு ஓய்வு குடுக்கலன்னா அப்புறம் கரண்டிகூடப் பிடிக்க முடியாது" என்றார். ரொட்டிக் கடையில் அவளைப் பொட்டலம் கட்டும் பக்கம் மாற்றினார்கள். ஆலயத்தில் அவள் நிறுத்திவிட்டாள்.

நிறுத்திய முதல் ஞாயிறு, நடு வரிசையில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிரசங்கம் காதில் தானாக வந்து விழுந்தது. அதை யாருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. அப்போது மனசுக்குள் எழுந்தது துக்கம் இல்லை, அப்பாடா என்கிற ஒரு ஆறுதல். அதுதான் அவளை உறுத்தியது. "கை வலின்னு சொல்லிக்கிறேன், ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்குங்க" என்று கணவரிடம் ஒப்புக்கொண்டாள். "திரும்பவும் பாதில விட்டுட்டேன் பாத்தீங்களா."

தையல்காரி மட்டும் வந்துகொண்டேயிருந்தாள். அதே ஜன்னலோரம். எதிரே நிற்க ஆளில்லை. பாட்டுக்கு எழுந்தாள், ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள், பிரசங்க நேரம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ரேடியோ அக்காவுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் மாடியேறிக் கயிற்றை இழுத்தாள். உள்ளே போனதும், பட்டை போட்ட கையால் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்: "என்ன மன்னிச்சிரு. நான் இல்லாம நீ பாவம். ஒண்ணும் புரியாம எப்படி உக்காந்திருக்க?"

தையல்காரி இயந்திரத்தை நிறுத்தினாள். முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது. மெதுவாக, அக்காவுக்குப் புரியும்படி, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நீ என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நான் இங்க வந்தேன். அதுக்கு முன்னாடி வேற ஊரு, வேற சபை. சின்ன வயசுலேருந்து எந்தச் சபைலயும் யாரும் எனக்குக் கையால ஒண்ணும் சொன்னதில்ல. ஆனாலும் வந்தேன். பெஞ்சு மேல கைய வெச்சா பாட்டு வரும், தெரியுமா? ஒவ்வொருத்தர் முகத்தையும் பாப்பேன். யாரு அழறாங்க, யாரு தூங்குறாங்க, யாரு நேத்து சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க, எல்லாம் தெரியும். எல்லாரும் கண்ண மூடும்போது நானும் மூடுவேன். அப்போ அவருக்கும் எனக்கும் நடுவுல எந்த பாஷையும் வேணாம்."

தையல்காரி தொங்கிய நூலை அறுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நீ வந்தது எனக்குச் சந்தோஷம், ரொம்பச் சந்தோஷம். ஆனா என்னத் தூக்கிச் சுமக்கறதா மட்டும் நெனச்சுக்காத." அவள் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "நான் கனமா இருப்பேன்."

படியிறங்கும்போது ரேடியோ அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டேன், இவள் இப்படிச் சொல்கிறாளே என்று. தெருமுனை திரும்பும்போது கோபம் குறைந்தது. வீட்டுக்குப் போவதற்குள் அவளுக்கு வேறொன்று பிடிபட்டது. விடாப்பிடியாக நிற்பது தன்னுடைய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள். யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல், ஒருத்தி சின்ன வயசிலிருந்தே அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். தான் செய்ததெல்லாம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு ஜன்னலோரத்தில் தையல்காரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்து நிற்கவில்லை. கை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும், மடி மேலேயே சொன்னாள். வலி வந்தால் நிறுத்தினாள். பிரசங்கம் நீண்டபோது, "அதையேதான் இன்னும் சொல்லிட்டிருக்காரு" என்று சுருக்கினாள். தையல்காரிக்கு அந்தச் சுருக்கம் பிடித்திருந்தது.

இப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் தையல்காரி அவள் முழங்கையை இடித்தாள். கண்ணால் மூப்பரைக் காட்டினாள். "அவருக்குக் காது கேக்கல."

"என்ன உளர்ற?"

"பாரு. பாட்டுக்கு மத்தவங்க எழுந்த பிறகுதான் எழறாரு. மத்தவங்க சிரிச்ச பிறகுதான் சிரிக்கிறாரு. பேசறவங்க வாயவே பாக்கறாரு. நான் காலம் பூரா பண்ணினத அவரு புதுசாப் பண்றாரு. இன்னும் சரியா வரல."

ரேடியோ அக்கா பார்த்தாள். உண்மைதான். அன்று அவர் 'சத்தமாப் பேசும்மா' என்றது நினைவுக்கு வந்தது. தங்களை ஓரத்துக்குத் தள்ளியவர் மேல் இருந்த கோபத்தை யாரோ அடியிலிருந்து உருவி எடுத்ததுபோல் இருந்தது. ஆடுகிற கைகளை ஒவ்வொரு வாரமும் கண்ணெதிரே பார்க்க அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் தையல்காரி. "அவராச் சொல்லணும்."

இந்த ஒரு செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ரேடியோ அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. மணிக்கட்டு வலி இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. தேநீர் ஊற்றும்போது மூப்பர் பேச்சு வந்தால் போதும், கொதிக்கும் பாத்திரத்தின் மூடிபோல் அவள் வாய் துடிக்கும். சட்டென்று ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொள்வாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. "உடம்புக்கு ஏதாவது சரியில்லையா? வீடு ரொம்ப அமைதியா இருக்கே" என்று அவரே கேட்கும்படி ஆயிற்று.

கடைசியில் மூப்பரின் மனைவியே வந்தாள். தேநீர் மண்டபத்தின் பின்வாசலில் அவளை இழுத்து நிறுத்தினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவருக்குக் காது போயிட்டிருக்கு. காது மெஷினும் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க. வீட்ல கத்திக் கத்தி எனக்குத் தொண்ட போச்சு. நான் கத்தறேன், அவரு நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுத் திருப்பிக் கத்தறாரு. முப்பது வருஷமா நல்லா இருந்த வீடுடி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்தக் கை பாஷையக் கத்துக் குடு. அவருக்குத் தெரிய வேணாம்."

"அய்யய்யோ, அப்படியாக்கா?" என்றாள் ரேடியோ அக்கா. நடிப்பு அவளுக்கு வராது. மூப்பரின் மனைவி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

மாடியறையில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. இப்போது தையல்காரிக்கு இரண்டு மாணவிகள். புது மாணவி பழையவளைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள்; அவளுக்குத் தேவை பெரிது.

மூப்பர் விஷயம் ஒரு ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் வெளியே வந்துவிட்டது. அடுத்த வாரக் கூட்டத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒருவர் எழுந்து, "கூட்டம் காலைலயா, சாயங்காலமா ஐயா?" என்று கேட்டார். மூப்பர் புன்னகையோடு, "ஆமா, ஆமா, எல்லாரும் குடும்பத்தோட வரலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். கேட்டவர் மறுபடி கேட்டார். மூப்பர் மறுபடி, "கண்டிப்பா" என்றார். சிரிப்பு பெரிதாயிற்று. அவர் சபையை இப்படியும் அப்படியும் பார்த்தார். எல்லா வாய்களும் அசைகின்றன, ஒன்றும் பிடிபடவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு இறங்கி, முதல் வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தார். காதுமடல் சிவந்திருந்தது. சபையில் சிரிப்பு தானாக அடங்கியது.

அடுத்த வாரம் கதவு திறந்திருந்தது, பலகையில் எண்கள் மாட்டியிருந்தன. மூப்பர் வந்திருந்தார். ஆனால் முதல் வரிசையில் அவர் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிறவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மனைவி பாடகர் குழுவில் இருந்தாள். தையல்காரி ஜன்னலோரத்திலிருந்து எழுந்தாள். ரேடியோ அக்கா, "எங்க போற?" என்று கேட்பதற்குள் நடுப்பாதையில் நடந்து போய், மூப்பரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் நேரே முன்னால் பார்த்தாள். முதல் பாட்டின் ஆர்மோனியம் எழுந்தபோது, பெஞ்சு மேல் வைத்திருந்த அவள் விரல்களுக்கு அது தெரிந்தது. அவர் முழங்காலில் லேசாகத் தட்டினாள். அவர் மற்றவர்களோடு சேர்ந்து, சரியான நேரத்தில் எழுந்தார். ஜெபத்துக்கு ஒரு தட்டு. உட்கார ஒரு தட்டு. நடுவில், உட்கார்ந்தபடியே பாடிய ஒரு பாட்டுக்கு, அவர் கையைப் பிடித்துப் பெஞ்சு மரத்தின் மேல் பதித்து வைத்தாள். அவர் கையை எடுக்கவில்லை. பாட்டு முடியும்வரை அந்தப் பெரிய, இரும்புக் கறை படிந்த கை அப்படியே இருந்தது.

ரேடியோ அக்கா ஜன்னலோரத்தில் தனியாக, சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல் அழ அவளுக்குத் தெரியாது. ஆகவே சபை முழுக்கக் கேட்டது.

பிரசங்கம் தொடங்கப்போகும் நேரத்தில் மூப்பர் போதகர் பக்கம் சாய்ந்து ரகசியமாக ஏதோ சொன்னார். தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது.

"அந்த ரேடியோவ முன்னாடி வரச் சொல்லுங்க. ஜன்னல் பக்கம் வெளிச்சம் சரியில்ல. என்மேலதான் தப்பு."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே முன்னால் போனாள். பட்டை போட்ட கைகளைத் தூக்கினாள். அன்றைக்கும் அவளால் பாதிப் பிரசங்கம்தான் சொல்ல முடிந்தது. மீதியைப் பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்த மூப்பரின் மனைவி சொன்னாள், பயந்து பயந்து, ஏகப்பட்ட தப்போடு. தன் மனைவியின் கைகள் பேசுவதை மூப்பர் அன்றுதான் பார்த்தார். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கற்றுக்கொள்ள நாளாயிற்று. பிடிவாதக்காரர், கடைசிவரை நாலைந்து சைகைக்கு மேல் அவருக்குச் சரளமாக வரவில்லை. ஆனால் வீட்டில் கத்தல் நின்றது. ரேடியோ அக்காவின் மணிக்கட்டு முழுசாகக் குணமாகவேயில்லை. குளிர்நாளில் விரல்கள் விறைக்கும். அன்றைக்கு மூப்பரின் மனைவி நிற்பாள். இருவருக்கும் முடியாத ஒரு ஞாயிறு யாரும் எதிர்பாராமல் அக்காவின் மெக்கானிக் கணவர் எழுந்து வந்தார். வீட்டில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே பழகியதை இத்தனை வருஷமும் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக் கற்றிருக்கிறார். வாயால் பத்து வார்த்தை பேசாத மனுஷர் கையால் அருவியாகக் கொட்டினார். "உன்னவிட நல்லாச் சொல்றாரு" என்று தையல்காரி கூசாமல் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு இரண்டு நாள் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

செய்தி எப்படியோ பரவி, காது கேளாத வேறு சிலரும் வரத் தொடங்கினார்கள். ஒரு வெல்டர், அவர் மனைவி. அவர்களுக்குக் காது கேட்கிற ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நான நாளில் ரேடியோ அக்கா சைகை சொல்லத் தயாராக முன்னால் போய் நின்றாள். போதகர் வேண்டாம் என்று தலையசைத்தார். குழந்தையை மூப்பர் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு, ஆசீர்வாதத்தைத் தானே கைகளால் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு. வெல்டரின் மனைவி கண்ணெடுக்காமல் பார்த்தாள், முடிந்ததும் தலையாட்டினாள்.

பிறகு எல்லாரும் மண்டபத்துக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். அன்றைய பன் வேறு கடையிலிருந்து வந்தது. அதில் ஈஸ்ட் அதிகம், உப்பு குறைவு என்று ரேடியோ அக்கா வாயால் எல்லாருக்கும் சொன்னாள். தையல்காரிக்குக் கையாலும் சொன்னாள்.